"உங்கள் பாஸ்வேர்ட் யாரிடமோ இருக்கிறது": ஒரு பொய் எச்சரிக்கையின் வரலாறு

நம் கரையோர ஊர்களில் இன்று ஜீமெயில் இல்லாத போன் குறைவு. மருதமுனையில் இருக்கும் பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், கட்டாரில் இருக்கும் மகனின் வேலை ஒப்பந்தம், உம்மாவின் போனில் உள்ள குடும்பப் போட்டோக்கள், வட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த ஒரே கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கு போனால் பாதி வாழ்க்கை போன மாதிரி. அந்தப் பயத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் திருடர்கள். அதனால்தான் "உங்கள் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார், உடனே இங்கே அழுத்துங்கள்" என்று எழுதுகிறார்கள்.

"சேர், இது உண்மையா, பொய்யா?" என்று பிள்ளைகள் போனை நீட்டுகிறார்கள். ஆம், இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தத் தந்திரத்துக்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை அவர்களே தீர்மானிப்பார்கள்.

முதலில் ஈமெயிலின் பிறப்பைப் பார்ப்போம். கடிதத்தின் உறைக்குப் பின்னால் அனுப்புநர் பெயர் எழுதுகிறோம். யாருடைய பெயரையும் எழுதலாம், தபால்காரர் கேட்கப்போவதில்லை. 1982இல் ஜோன் போஸ்டல் எழுதிய ஈமெயில் விதிமுறையும் அப்படித்தான் இருந்தது. ஒருவரையொருவர் நம்பிய ஒரு சிறிய ஆய்வாளர் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டது அது. அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் மிகவும் பிந்தித்தான் வந்தன. அவையும் அந்தக் கடிதம் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று மட்டுமே சொல்லும். அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் நல்லவரா என்று சொல்லாது.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் என்ற இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு, நிறுவன ஊழியர்போல் நடித்துச் சிலர் செய்தி அனுப்பினார்கள். கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்பதுதான் செய்தி. எங்கள் ஊழியர் எவரும் பாஸ்வேர்ட் கேட்கமாட்டார் என்று நிறுவனம் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியதாயிற்று. "பிஷிங்" என்ற சொல் அந்தக் காலத்தில் பிறந்தது. கடற்கரை ஊரான நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. கரைவலைபோல எல்லோருக்கும் வீசுவது ஒரு வகை. ஒருவரைக் குறிவைத்து, அவருக்குப் பிடித்த இரையை மாட்டித் தூண்டில் போடுவது மற்ற வகை.

அந்தத் தூண்டிலில் மாட்டியவர்களில் உலகமே அறிந்த ஒருவர் ஜோன் பொடெஸ்டா. ஹிலாரி கிளின்டனின் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத் தலைவர். 2016 மார்ச் 19ஆம் திகதி அவருடைய ஜீமெயிலுக்கு, பாஸ்வேர்ட் யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று கூகுளின் தோற்றத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அவருடைய அலுவலகத்தில் கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். கேட்டது சரியான செயல். ஆனால் அவர் "இது உண்மையான ஈமெயில்" என்று பதில் எழுதினார். பொய்யானது என்று எழுத நினைத்ததாகப் பிறகு சொன்னார். அந்தப் பதிலிலேயே பாஸ்வேர்ட் மாற்றுவதற்கான கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்திருந்தார். அதைப் பயன்படுத்தியிருந்தால் எந்தக் கேடும் வந்திருக்காது. அழுத்தப்பட்டதோ எச்சரிக்கைக்குள் இருந்த லிங்க். பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் களவுபோய், ஒக்டோபரில் விக்கிலீக்ஸில் வெளிவந்தன. 2018 ஜூலையில் ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

அது பெரிய நாட்டு விவகாரம், நமக்கு என்ன என்று நினைக்கலாம். அதே வருடம் இதே தூண்டிலின் கயிறு கொழும்பு வரை நீண்டது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றச் சொல்லிப் பொய்க் கட்டளைகள் போயின. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. பணம் வந்த பான் ஏசியா வங்கியில், இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகம் எழுந்து, இடையில் இருந்த டொய்ச்ச வங்கியிடம் திருப்பிக் கேட்டதாகச் செய்திகள் கூறின. அமைப்பின் பெயரில் "பவுண்டேஷன்" என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததும் கண்ணில் பட்டது. அந்தப் பணம் திரும்பிப் போனது.

இந்தக் கொள்ளைக்கு ஒரு வருடம் முன்பே, வேலை தேடுபவர்போல் நடித்து அந்த வங்கியின் ஊழியர்களுக்கு ஈமெயில் அனுப்பப்பட்டிருந்தது. 2018இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட குற்றப்பத்திரம் இதை விவரிக்கிறது. அதே குழு கூகுள், பேஸ்புக் அனுப்பும் பாதுகாப்பு அறிவித்தல்களைப் பிரதிபண்ணி, லிங்கை மட்டும் மாற்றி அனுப்பியதையும் அது சொல்கிறது. ஆகவே எழுத்துப்பிழை இல்லை, லோகோ சரியாக இருக்கிறது என்பதெல்லாம் ஆதாரமே இல்லை. 2016இல் ஒரு எழுத்துப்பிழை உதவியது. இனி வரும் திருடர் பிழைவிடாமல் எழுதுவார்.

நம் நாட்டின் இன்னொரு பாடம் 2021 பெப்ரவரி 6. அன்று இலங்கையின் எல்.கே. முகவரிப் பதிவகம் தாக்கப்பட்டது. கூகுளின் இலங்கை முகவரியைச் சரியாக எழுதிப் போனவர்களில் சிலர்கூட, தோட்டத் தொழிலாளர் பிரச்சினை உட்பட்ட விடயங்களைப் பேசும் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். அன்று பாஸ்வேர்டைத் திருடும் பக்கம் அங்கே இருந்திருந்தால்? இப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும் ஒரு பூட்டை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அது சாட்சி.

அதற்காக எல்லா எச்சரிக்கையையும் பொய் என்று தள்ளுவதும் ஆபத்து. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்து எச்சரிக்கை வந்தது. பேரலை வரவில்லை, ஆனாலும் அந்த எச்சரிக்கை உண்மையானது. அதைப் புறக்கணித்திருந்தால் அது புத்திசாலித்தனம் அல்ல. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? உண்மையான எச்சரிக்கை மேட்டுக்குப் போ என்று சொல்லும். உன் வீட்டுச் சாவியைத் தந்துவிட்டு ஓடு என்று சொல்லாது.

ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் பார்ப்பதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற ஸனதையும் பார்க்கிறார்கள். போனிலும் அதே ஒழுங்கு பொருந்தும்.

எச்சரிக்கை வந்தால் அதிலுள்ள லிங்கைத் தொட வேண்டாம். நாமாகவே கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் அண்மைய நடவடிக்கைகளைப் பார்ப்போம். எச்சரிக்கை உண்மையென்றால் அங்கேயும் அது பதிவாகியிருக்கும். அறியாத போனோ ஊரோ தெரிந்தால் அங்கேயே வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுவோம். சிலவேளை அது தோஹாவில் மகன் வாங்கிய புதுப் போனாகவும் இருக்கலாம். அவரிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்போம்.

இணைய முகவரியை அரபு வாசிப்பதுபோல வலமிருந்து பார்க்க வேண்டும். முதலாவது தனிச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் நிற்கும் பெயர்தான் சொந்தக்காரர். முன்னால் கூகுள் என்று எழுதிவிட்டுக் கடைசியில் வேறு பெயர் இருந்தால், அது வேறொருவருடைய வீடு. பூட்டுப் படம் இருப்பதும் போதாது, திருடரும் பூட்டுப் போடலாம்.

போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. வங்கி என்றாலும், கூகுள் என்றாலும், மச்சான் என்று வட்ஸ்அப்பில் எழுதினாலும்தான். இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பொய்ப் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே மாற்றிவிட்டு, இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு நிலையத்தின் 101 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, வரலாறு காட்டுவது இதுதான். மாட்டியவர்கள் முட்டாள்கள் அல்லர், அவசரப்படுத்தப்பட்டவர்கள். தப்பியவர்கள் கணினி மேதைகளும் அல்லர். கொழும்பில் இருந்த அந்த வங்கியைப்போல, ஒரு நிமிடம் நிறுத்தி வேறு வழியால் கேட்டவர்கள். இன்றிரவு உம்மாவின் போனை வாங்கி, மேலே சொன்ன பாதுகாப்புப் பகுதி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டிக் கொடுங்கள்.