உத்திரமேரூர்க் கல்வெட்டும் தேர்தல் காணாத ஐந்தாண்டுகளும்

காஞ்சி மாநகருக்குத் தெற்கே அமைந்துள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் இரு கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை இவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குடத்தை ஏந்திக் காட்டுதல், எடுத்த ஓலையை விரித்த உள்ளங்கையில் பெறுதல், அதனை உரக்கப் படித்தல் ஆகிய அனைத்தும் சபையோர் கண்முன் நிகழவேண்டும் என்பது விதி. ஐயத்துக்கு இடம் தரலாகாது என்னும் கவலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

தேர்ந்தெடுக்கும் முறையைவிடத் தகுதியின்மை விதிகளே நம் சிந்தனைக்குரியவை. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் அமர இயலாது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். 919இல் இயற்றிய விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டன என்பதும் நோக்கத்தக்கது. கல்லில் வெட்டியதையும் மறுபடி எண்ணிப் பார்க்கும் மனநிலை அச்சபையோருக்கு இருந்தது.

எனினும் இதனை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரியென மிகைப்படப் புகழ்தல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. உத்திரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவரின் பெயர்களே குடத்தில் விழுந்தன. உழுதவரும் நெய்தவரும் பெண்டிரும் அவ்வோலைகளில் இல்லை. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பேசியோரைக் கடுமையாக மறுத்ததற்குக் காரணம் இத்தகைய விலக்கல்களே. அரசியல் சட்ட ஒழுக்கம் இயற்கையாக அமைவதன்று, பயின்று வளர்க்கவேண்டியது என்றும் அவ்வுரையில் அவர் எச்சரித்தார். அதே மாதத்தில் கே. சந்தானம் முன்மொழிந்த திருத்தமே, ஊராட்சிகளை அமைக்குமாறு அரசுக்கு வழிகாட்டும் 40ஆம் உறுப்பாக மலர்ந்தது.

வழிகாட்டும் நெறி கட்டாயச் சட்டமாக மாற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத் தகுதி அளித்தது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அவர்தம் மக்கள்தொகைக்கேற்பவும், பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலும் இடங்களை ஒதுக்கியது. பராந்தகன் காலத்துக் குடத்தில் இடம்பெறாதவர்களுக்கு இத்திருத்தம் கதவைத் திறந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நிறைவடைய வேண்டும் எனவும் 243E உறுப்பு தெளிவாக விதித்தது.

அவ்விதிக்கு நேர்ந்தது என்ன? தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. பழங்குடியினர்க்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கின் விளைவு அது. குறையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தலை முடித்திருக்க இயலும். ஆயினும் நீதிமன்றம் குறித்த கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமையால் நடுவணரசின் நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், புதிய மாவட்டப் பிரிவினையால் எல்லை வரையறை நிறைவுறாத ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றுள் ஒன்று காஞ்சிபுரம்.

குடவோலைக் கல்வெட்டைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தின் சிற்றூர்கள் 2021 அக்டோபர் வரை, ஏறத்தாழ ஐந்தாண்டுகள், தாம் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரின்றி இருந்தன. பட்டு நெசவாளர் வாழும் காஞ்சி நகரமோ தன் மாமன்றத்தைத் தேர்ந்தெடுக்க 2022 பிப்ரவரி வரை காத்திருந்தது. இதற்கிடையே 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிப் பெருமிதத்துடன் பேசினார். பெருமை தலைநகரில் பேசப்பட்ட அந்நாளில், கல்வெட்டுக்குரிய மாவட்டத்தில் ஊராட்சி நாற்காலிகள் வெறுமையாகவே கிடந்தன.

இத்தனைக்கும் எவரும் அரசியல் சட்டத்தைக் கிழித்தெறியவில்லை; படையும் தெருவில் இறங்கவில்லை. வழக்கு, வரையறை, ஒத்திவைப்பு என நியாயமாகத் தோன்றும் காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மக்களாட்சி மெலிவது பெரும்பாலும் இவ்வாறே. 2019இல் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர் என்பது இவ்வழக்கம் வேரூன்றி வருவதைக் காட்டுகிறது.

தடை ஆட்சியாளரிடமிருந்து மட்டும் வருவதன்று. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தேர்தலை நடக்கவிடாமல் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். சட்டம் அளித்த உரிமையைச் சமூகமே பறித்த வரலாறு அது.

ஆகவே அரசியல் சட்டத்தைக் காப்பது நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மட்டுமே உரிய பணியன்று. எண்ணிக்கையிற் குறைந்த சமூகங்களுக்கு இது மேலும் நெருக்கமான உண்மை. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அடக்கத்தலப் பாதைக்கும் அவர்கள் முதலில் அணுகுவது ஊராட்சியையே. அங்கே கேள்வி கேட்கத் தக்க, அடுத்த தேர்தலில் மாற்றத் தக்க ஒருவர் இருப்பதற்கும், மாற்றலாகிச் செல்லும் அலுவலர் ஒருவர் இருப்பதற்கும் வேறுபாடு பெரிது.

கிராம சபை கூடும் நாளில் நேரிற் சென்று அமர்வதும், வரவுசெலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்பதும், தேர்தல் தள்ளிப்போகும்போது எந்தக் கட்சி ஆண்டாலும் காரணம் வினவுவதும் குடிமக்கள் கடமை. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி 921இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதனைக் கேட்கச் சபையில் ஆள் இருக்கும்வரைதான் எந்த விதிக்கும் உயிர்.