சம ஆசனத்துக்குப் பின்னும்

நமது பாடசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை நிறுவியோரைப் பற்றியும், எழுந்த கட்டடங்களைப் பற்றியும், பெற்ற பெறுபேறுகளைப் பற்றியும் விரிவாக எழுதுவர். அக்கட்டடங்களினுள் பிள்ளைகள் எங்கே அமர்ந்திருந்தனர் என்பதை எழுதியோர் சிலரே. ஆயினும் வடபுலத்துக் கல்வி வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம் வாங்குகளைச் சுற்றியே நிகழ்ந்தது.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வெறுந்தரையிலே இருத்தப்பட்டனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம். ஆனால் ஒருவனுக்கு வாங்கு, மற்றவனுக்கு மண். 1929ஆம் ஆண்டளவில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற விதி பிறந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர்கள் இதனை வரவேற்றனர். சாதிமான்களோ கொதித்தெழுந்தனர். மனுக்கள் பறந்தன; பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதைக் காண்பதிலும் பள்ளிக்கூடம் எரிவதைக் காண்பது மேல் என்று எண்ணிய பெரியோரும் நம்மிடையே வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வாங்கு கிடைத்தது, மதிப்பு உடனே கிடைத்துவிடவில்லை. 'மல்லிகை' இதழை 1966இல் தொடங்கிப் பல்லாண்டுக் காலம் நடத்திய டொமினிக் ஜீவா, தம் சாதியைச் சுட்டி வகுப்பறையிலே ஆசிரியர் ஒருவர் உதிர்த்த இழிமொழியினாலேயே பள்ளிப் படிப்பைத் துறந்ததாகக் கூறியுள்ளார். அவருக்குப் பின்னாளில் முற்போக்கு இயக்கமும் எழுத்தும் பள்ளிக்கூடமாயின. அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. ஆனால் அவ்வாறு படலை கடந்து வெளியேறியவர் அனைவரும் ஜீவாக்கள் ஆகவில்லை. பெயரின்றி மறைந்தவர்களின் தொகையை எந்தத் திணைக்களம் எழுதி வைத்திருக்கிறது?

யாழ்ப்பாணத்துக் கதை வன்னிக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் உழைப்பை மட்டுமா கொண்டு வந்தனர்? பழைய ஏற்றத்தாழ்வுகளும் அவர்களின் மூட்டைகளோடு வந்து சேர்ந்தன. பின்னர் வேறொரு மக்கட் கூட்டமும் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து, எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களிலே பசியால் வாடி, 1977ஆம் ஆண்டு வன்செயலினால் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் ஆயிரக்கணக்கில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினர். காடு வெட்டிக் கழனி செய்த அம்மக்களுக்கு நாம் சூட்டிய பெயர்கள் 'வடக்கத்தையான்', 'தோட்டக்காட்டான்' என்பன. பட்டந் தெளிப்பது நமக்குப் பொழுதுபோக்கு. பட்டத்தைச் சுமப்பவனுக்கோ அது ஆயுட்காலத் தண்டனை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிப் பாடசாலை ஒன்றில் நாம் கற்பித்தபோது, ஏழாந் தரத்தில் ஒரு சிறுவன் இருந்தான். இடைவேளையில் அவன் வெளியே செல்வதில்லை. பாடம் நடக்கும்போதுதான் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பான். அடக்கமான பிள்ளை என்று நாமும் பாராட்டினோம். ஒருநாள் கொப்பிகளைத் திருத்துகையில், அவனது கொப்பியின் அட்டையில் பெயர் அடிக்கப்பட்டு, அதன்மேல் வேறொரு கையெழுத்தில் 'தோட்டக்காட்டான்' என்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அவனுடைய பாட்டனார் 1977இல் வந்தவர். தந்தை வன்னி மண்ணிலே பிறந்தவர். அவனோ தேயிலைச் செடியைக் கண்ணாலும் கண்டதில்லை. எழுதிய மாணவனை அழைத்து அச்சொல்லின் பொருளைக் கேட்டோம். அவன் விழித்தான். "வீட்டிலை அப்பிடித்தான் சொல்லுறவை, சேர்" என்றான். நாம் சினந்து, வகுப்பின் முன்னிலையில் அவனை மன்னிப்புக் கேட்கச் செய்தோம். அன்றோடு தீர்ந்தது என்று எண்ணினோம். தீரவில்லை, ஆசிரியரிடம் கோள் சொன்னவன் என்ற புதுப் பழியும் அச்சிறுவன் மேல் ஏறியது. அடுத்த தவணையில் இடாப்பில் அவன் பெயர் இருந்தது, அவன் இருக்கவில்லை.

இதனை நாம் எழுதுவது பிறரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று. இடைவேளையை அஞ்சும் பிள்ளையை அடக்கமானவன் என்று படித்துவிட்ட பிழை நம்முடையது. சகமாணவர் கொடுமை எப்போதும் காயத்தோடு வருவதில்லை. காரணமின்றிக் குறையும் வரவு, கிழிந்த கொப்பி, அடிக்கடி தொலையும் பேனா, குழுவேலையில் எவரும் சேர்த்துக்கொள்ளாத பெயர், சட்டென்று சரியும் புள்ளிகள் ஆகியவையே அதன் எழுத்துக்கள். அவற்றை வாசிக்கத் தெரியாதவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தும் என்ன பயன்?

2009ஆம் ஆண்டின் பின்னர் இக்கடமை இன்னும் கனத்தது. மூன்று இலட்சத்தை அண்மிய மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012இலேயே மூடப்பட்டது. தந்தையை இழந்தவரும், அங்கம் இழந்தவரும், இழந்த ஆண்டுகளால் வயதுக்குப் பிந்திய தரத்தில் அமர்ந்தவருமாகப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். போர் ஓய்ந்தது, ஊனத்தையும் வறுமையையும் சுட்டிச் சிரிக்கும் நாக்கு ஓயவில்லை.

பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்பார் உளர். 1983இல் நோர்வே நாடு அவ்வாறு கூற மறுத்தது. அங்கே சகமாணவர் கொடுமை தாளாது மூன்று சிறுவர் உயிரை மாய்த்துக்கொண்டமை நாட்டையே உலுக்கியது. டான் ஒல்வேயஸ் என்ற உளவியலறிஞர் பேர்கன் நகரத்துப் பாடசாலைகளில் ஆசிரியர், பெற்றோர், மாணவர் அனைவரையும் இணைத்து நடத்திய முயற்சியினால் இக்கொடுமை இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. வலிமை மிக்கோர் வலிமை குன்றியவரைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதே இதன் இலக்கணம் என அவர் வரையறுத்தார். சமபலம் உள்ளோரின் சண்டை வேறு, இது வேறு.

நம் நாட்டில் 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. நல்ல சட்டமே. ஆனால் இருபது வயதில் பகிடிவதை செய்பவன் பன்னிரண்டு வயதில் யாருடைய வகுப்பில் இருந்தான்? தமிழ்நாட்டின் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய சகமாணவர்களே. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை அணிவதைத் தடுக்குமாறு 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்கலாம், அதைக் கட்டிவிட்ட கைகளை யார் பிடிப்பது?

எனவே நமது வேலை எளிய இடங்களிலே தொடங்குகிறது. இருக்கைகளைத் தவணைதோறும் மாற்றுவோம். கடைசி வாங்கு எவருக்கும் பரம்பரைச் சொத்தாதல் வேண்டாம். துன்புறும் பிள்ளையோடு தனியே பேசுவோம்; துன்புறுத்துபவனோடும் தனியே பேசுவோம். நாம் செய்ததுபோல் இருவரையும் கூட்டத்தின் முன் நிறுத்தாதிருப்போம். பார்த்து நின்று சிரிக்கும் பெரும்பான்மையே கொடுமையின் முதுகெலும்பு. அதனைப் பாதிக்கப்பட்டவனின் பக்கம் திருப்புவோம். வரவு குறைந்த வீட்டுக்கு நாமே செல்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக நம் நாவை நாம் காப்போம். பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென 2005இலும் 2016இலும் சுற்றறிக்கைகள் வந்தன. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் பட்டப்பெயரைக் கையில் எடுத்தால் மாணவன் கற்பது அதனையே.

தரையிலிருந்த பிள்ளையை வாங்கில் ஏற்ற நம் முன்னோர் தீயையும் எதிர்கொண்டனர். வாங்கில் இருக்கும் பிள்ளையை அங்கே நிம்மதியாக இருக்கவைக்க நாம் எதிர்கொள்ள வேண்டியது நம் வீட்டுப் பேச்சை மட்டுமே. நாளைக் காலை இடாப்பைத் திறக்கும்போது, வராத பெயரின் எதிரே வெறும் அடையாளமிட்டு மேலே செல்லாதிருப்போமாக.