தில்லை மரமும் சேற்றுத் தாதும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் மரத்தால் வந்தது. கோயிலின் தல மரம் தில்லை. தலபுராணம் அவ்வூரைத் தில்லைவனம் என்றே பேசுகிறது. ஆயினும் இன்று தில்லையைக் காட்டு மரமாகக் காண விழைவோர் கோயிலைவிட்டுக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் உப்பங்கழியை அடைய வேண்டும். சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த அந்த அலையாத்திக் காட்டில், கரையை ஒட்டிய ஓரங்களில் தில்லை நிற்கிறது. கிளையை ஒடித்தால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு.

பெயர் ஓரிடத்தில், மரம் வேறோரிடத்தில். புராணம் கூறும் வனம் கற்பனையா? அன்றி, ஒரு காலத்தில் கழிநீர் சிதம்பரத்தின் அருகுவரை ஏறி இறங்கியதா? புலவர்கள் இவ்வினாவுக்கு இலக்கியத்தைப் புரட்டி விடை கூறுவர். விடை கூறவல்ல சான்று மற்றொன்றும் உண்டு. அது பிச்சாவரத்துச் சேறு.

பூவின் தாது பெரும்பாலும் வீணாகப் போவது. ஒரு மணி சூலகத்தை அடைய, ஆயிரமாயிரம் மணிகள் காற்றிலும் நீரிலும் அலைந்து எங்கோ படிகின்றன. ஒரு மணியின் குறுக்களவு பெரும்பாலும் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். அவ்வளவு சிறிய பொருளுக்கு இயற்கை அளித்துள்ள மேலுறையோ வியக்கத்தக்க உறுதி வாய்ந்தது. காற்றுப் புகாத சேற்றில் இலை அழியும், பூ அழியும், மரமும் மட்கும். தாதுவின் உறை மட்டும் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். அவ்வுறையின் முள், வரி, துளை ஆகியவற்றைக் கொண்டு அது எந்த மரத்தினது, எக்குடும்பத்தினது என்று கூறிவிடலாம். ஏரியடியிலோ சதுப்பிலோ நீண்ட குழாயைச் செலுத்தி, மண்ணை அடுக்குக் குலையாமல் எடுத்து, மணலையும் களியையும் அமிலங்களால் கரைத்தபின் எஞ்சும் தாதுக்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுவது இத்துறையின் வேலை. அடுக்கின் வயதைக் கரிமம்-14 கூறும். சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் இன்றைய ஆஸ்லோ நகரில் நிகழ்த்திய சொற்பொழிவே இம்முறைக்குத் தொடக்கம் என்பர்.

தமிழகத்தில் இத்துறைக்கு வீடாக அமைந்தது புதுச்சேரி. நெல்லிக்குப்பத்திலிருந்து வடக்கே புதுச்சேரிக்கும் தெற்கே பிச்சாவரத்துக்கும் ஒரே பகலில் சென்று திரும்பிவிடலாம். 1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா, வடமொழியும் தமிழும் கற்ற அறிஞர். சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிய அதே நிறுவனம் வெப்பநாட்டுத் தாவரங்களின் தாதுக்களையும் ஆயிரக்கணக்கான கண்ணாடி வில்லைகளில் திரட்டியது. இரண்டும் ஏடு படிக்கும் தொழிலே.

அங்கே உழைத்தவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் கணபதி தணிகைமணி. இலக்கிய அன்பர்களுக்கு அப்பெயர் கேட்டவுடன் திருப்புகழ் ஆய்ந்த வ. சு. செங்கல்வராய பிள்ளை நினைவுக்கு வருவார், இவர் வேறொருவர். 1938-இல் பிறந்து, சென்னையில் தாவரவியல் பயின்று, பனைக் குடும்பத்துத் தாதுக்களை ஆராய்ந்து பெயர்பெற்றவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் பான் அம் விமானம் கடத்தப்பட்டபோது கொல்லப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். அலையாத்திக் காட்டுத் தாதுக்களைப் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.

கிளாட் கராத்தினி, ஃபிரான்சுவா பிளாஸ்கோ ஆகியோருடன் தணிகைமணி 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கவிஞர்களும் அறிந்திருக்க வேண்டியது. அது பழங்காலத்தைப் பற்றியதன்று. இன்றைய காட்டைப் பற்றியது. தென்னிந்திய அலையாத்திக் காடு ஒன்றில் கண்ணால் காணும் மரங்களுக்கும், அம்மரங்களின் அடியில் சேற்றில் படியும் தாதுக்களுக்கும் உள்ள உறவு என்ன என்பதே அதன் வினா. இவ்வினாவுக்கு விடை காணாமல் சேற்றைப் படிப்பது, எழுத்தறியாமல் கல்வெட்டைப் படிப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் மரங்கள் தம் எண்ணிக்கைக்கு ஏற்பத் தாதுவை விடுவதில்லை. சுரபுன்னையின் தாது காற்றை நம்பியது; ஆகவே வாரி இறைக்கும். வெண்கண்டல் வண்டையும் தேனீயையும் நம்பியது, சிக்கனமாகவே தரும். தில்லைப் பூவையும் தேனீ நாடும். சேற்றில் சுரபுன்னைத் தாது மிகுந்திருப்பதை மட்டும் கண்டு, காடு முழுதும் சுரபுன்னை என்று எழுதினால் பிழை நேரும். வெண்கண்டலின் தாது நூற்றில் சிலவே கிடைத்தாலும், அம்மரம் செழித்த காடு என்று கொள்ள இடமுண்டு.

இதே திருத்தம் இலக்கியச் சான்றுக்கும் வேண்டும். சங்க நூல்களிலிருந்து அக்கால மழையையும் காட்டையும் கணக்கிட்டுவிடலாம் என்று எழுதுவோர் நம்மிடையே பலர். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தில்லையும் இடம்பெறுகிறது. அதனைக் கொண்டு கபிலர் கண்ட மலையில் உப்பங்கழி மரம் வளர்ந்தது என்று கொள்வதா? பட்டியல் பாட்டுக்காக அமைந்தது, கணக்கெடுப்புக்காக அன்று. நற்றிணையின் நெய்தற் பாடலொன்று கழியை அடுத்த தில்லைப் புதரைக் காட்டுகிறது. அது மரத்தின் இயல்போடு பொருந்துவதால் ஏற்கத்தக்கது. மாதம் மும்மாரி பொழிந்த காலம் என்பதோ வாழ்த்து. அதனை மழையளவாகக் கொள்ளலாகாது. புலவர்க்கும் சில பூக்கள் சுரபுன்னை, சில பூக்கள் வெண்கண்டல். எது மிகையாகப் பாடப்பெறும், எது அருகியே பாடப்பெறும் என்பதை அளந்தபின்னரே பாடலைச் சான்றாக்குதல் தகும்.

இனி மழையைப் பற்றி மண் கூறுவது. காவிரிக்கு நீரளிக்கும் பவானி நீலகிரியை அடுத்த மலைகளில் தோன்றுவது. மோயாறு நீலகிரியிலிருந்தே இறங்கி அதனோடு சேர்கிறது. ஆகவே கொள்ளிடக் கழிமுகத்தின் நன்னீரில் நீலகிரிக்கும் பங்குண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லா என்னுமிடத்து முற்றாக்கரிச் சதுப்பில் புதுச்சேரி நிறுவனத்தாரும் இலக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தாரும் தாதுக்களை ஆராய்ந்தனர். 1993-இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அம்மலைச் சதுப்புகளின் கரிம வகைகளை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கதையை எழுதினர். பனியூழி உச்சத்தில் நீலகிரி வறண்டு புல் மிகுந்திருந்தது; ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை ஓங்கியது; 5,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி. சங்கப் பாடல்கள் பிறந்த நூற்றாண்டுகளுக்கு அடுத்து முந்திய காலம் நீலகிரியில் வறண்ட காலம் என்பது, பொற்காலம் பேசுவோர் நின்று எண்ண வேண்டிய செய்தி.

இத்தனை ஏரிகள் உள்ள நாட்டில் மலைச் சதுப்பையும் கடற்கழியையும் ஏன் தேடிச் செல்ல வேண்டும் என்ற ஐயம் எழலாம். நம் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் அமைத்தவை. வீரநாராயணன் ஏரியாகிய வீராணம் பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தது. அதற்கு முந்திய அடுக்கு ஏரிச் சேறாக அங்கே இராது. மேலும் கோடையில் ஏரி வற்றும், வற்றிய சேற்றில் காற்றுப் புகும், தாது அழியும். எஞ்சிய வண்டலையும் உழவர் வண்டியேற்றி வயலுக்கு எருவாக இட்டனர். ஏட்டின் பக்கங்கள் நெல்லாகிவிட்டன!

இயற்கை ஏரிகள் கிடைத்த இடத்திலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இராசத்தானம் சான்று. சாம்பார், லூன்கரன்சர் முதலிய உப்பேரிகளின் தாதுக்களை ஆராய்ந்த குர்தீப் சிங், சிந்துவெளி நாகரிகத்தின் எழுச்சியை மிகுமழையோடும் வீழ்ச்சியை வறட்சியோடும் 1971-இல் இணைத்துக் காட்டினார். கருத்து உலகெங்கும் பரவியது. 1999-இல் லூன்கரன்சர் ஏரியின் அடுக்குகளுக்கு நுட்பமாக வயது கணித்தபோது, சிந்துவெளி நகரங்கள் செழிப்பதற்கு முன்பே அவ்வேரி வற்றிவிட்டது என்று தெரிந்தது. தாது பொய் சொல்லவில்லை. அடுக்குக்குக் குறித்த ஆண்டுதான் மாறியது. எனினும், சேற்றிலிருந்து அரசியல் வரலாற்றுக்குத் தாவிய முயற்சி என்ற அளவில் சிங்கின் பணி மதிக்கத்தக்கதே.

மீண்டும் தில்லைக்கு வருவோம். பனியூழி உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ ஏழாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை அணுகிற்று. அதன்பின் ஆறுகள் வண்டலைக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளின. சிதம்பரத்துக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பழைய மணல்மேடுகள் அந்நகர்வின் தடங்கள். தில்லையோ அலை மோதும் முகப்பில் வளரும் மரமன்று. உப்புக் குறைந்த உள்ளோரத்து மரம். கழியின் கிளையொன்று அருகில் இருந்தாலே அதற்குப் போதும். ஆகவே தில்லைவனம் என்ற பெயர், கடல் கோயில் வாசலில் நின்றது என்று கூறவில்லை. ஏற்றநீர் எட்டிய எல்லை அங்கே இருந்தது என்றே கூறுகிறது. இந்த அளவில் பெயரை நம்பலாம்.

பிச்சாவரச் சேற்றின் மேலடுக்குகள் அண்மைக் காலத்தவை. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் கொள்ளிடத்தில் இறங்கும் நன்னீர் மாறியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இவற்றோடு கடலூர்க் கரையெங்கும் சவுக்குத் தோப்புகள். சவுக்கு வந்தேறி மரம். இக்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. காற்றை நம்பிய அதன் தாது மிக ஏராளம். ஓர் அடுக்கில் சவுக்குத் தாது தென்பட்டால், அது கடந்த இரு நூற்றாண்டுகளுக்குள் படிந்தது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். கிளையில் தொங்கும் தில்லைப் பூவைத் தேனீ தேடிச் செல்ல, சவுக்கின் தாது தோப்பிலிருந்து காற்றில் வந்து கழிநீரில் இறங்கிப் படிந்துகொண்டிருக்கிறது.