அலுமினியம் முதிர்ந்து வலுப்பெற்ற வரலாறு

அலுமினியக் கலப்புலோகத்தைச் சூடாக்கி, நீரில் தோய்த்து, முதிரவிட்டு வலுவூட்டும் முறை ஜெர்மனியில் பிறந்தது. 1906இல் பெர்லினுக்கு அருகே ஆல்ஃபிரட் வில்ம் தோய்த்தெடுத்த செம்பு, மக்னீசியக் கலவை உடனே கடினமாகவில்லை. அறை வெப்பத்தில் சில நாள் கிடந்த பிறகே வலுப்பெற்றது. துராலுமின் என்று பெயர் பெற்ற அது செப்பலின் வான்கப்பல்களின் சட்டங்களுக்குப் பயன்பட்டது.

கரைந்திருந்த செம்பு நுண்துகள்களாகப் பிரிவதே காரணம் என 1919இல் அமெரிக்காவில் மெரிக்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் விளக்கினர். 1938இல் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர்களால் செம்பணுத் திரள்களைக் கண்டறிந்தனர். ஆனால் குளிர்ந்த திண்மத்தில் அணுக்கள் இத்தனை விரைவாக நகர்வது எப்படி? படிகத்தின் காலியிடங்களே விடை. உயர்வெப்பத்தில் அணு இல்லாத இடங்கள் பெருகும். திடீர்க் குளிர்விப்பில் அவை மறைய நேரமின்றிச் சிக்கிக்கொள்ளும். அவற்றில் தாவித்தாவி அணுக்கள் இடம்பெயரும்.

செம்பைப் போலவே லித்தியமும் அலுமினியத்தை முதிரவிட்டு வலுவூட்ட உதவும். 1 சதவீத லித்தியம் அலுமினியத்தின் அடர்த்தியை ஏறக்குறைய 3 சதவீதம் குறைக்கும்; விறைப்பை 6 சதவீதம் கூட்டும். லித்தியக் கலவைகளில் வலுவூட்டுவது, மூன்று அலுமினிய அணுவுக்கு ஒரு லித்தியம் அணு என்ற விகிதத்தில் அமைந்த உருண்டைத் துகள்கள். லித்தியம் மிகுந்தால் தோய்க்கும்போதே இவை உருவாகத் தொடங்கிவிடும். 1950களின் இறுதியில் அல்கோவா நிறுவனம் உருவாக்கிய, 2020 என்ற எண் கொண்ட லித்தியக் கலவை, அமெரிக்கக் கடற்படையின் விஜிலான்டி விமான இறக்கைகளில் இடம்பெற்றது. எளிதில் முறியும் தன்மை அதன் பரவலைத் தடுத்தது. பின்னர் வந்த 2195 என்ற லித்தியக் கலவை, 1998இல் அமெரிக்க விண்ணோடத்தின் வெளித்தொட்டியை ஏறக்குறைய 3,400 கிலோ இலேசாக்க உதவியது.