நியூஃபவுண்ட்லாந்து மீனவக் குடும்பங்களின் உணவுநிலை

இன்றைய கனடாவின் கிழக்கு முனையிலுள்ள தீவு நியூஃபவுண்ட்லாந்து. அதன் கரையோரம் சிதறிக் கிடந்த சிறு மீனவ ஊர்கள் 'அவுட்போர்ட்' எனப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குப் படகுதான் வழி. வடகரையில் கடல் உறைந்தால் அதுவும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்குடும்பங்களைச் சத்துக்குறை நோய்கள் வாட்டின.

உணவும் கடனும்

காட் மீனைப் பிடித்து, உப்பிட்டு உலர்த்தி, குடும்பங்கள் வணிகரிடம் ஒப்படைத்தன. கையில் காசு புழங்கவில்லை; பருவத் தொடக்கத்தில் கடனாக வாங்கிய சரக்குக்கு மீனே ஈடானது. அச்சரக்கில் வெள்ளைக் கோதுமை மாவு, சர்க்கரைப் பாகு, தேயிலை, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவையே மிகுதி. பாறை நிலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைவித்தார்கள். காட்டுப் பழங்களைப் பறித்துச் சேமித்தார்கள். குளிர்கால இறுதியில் இவை தீர்ந்தபின் பல வீடுகளில் ரொட்டியும் தேநீருமே மிஞ்சின.

பெரிபெரி

தவிடு நீக்கிய மாவில் தையமின் (வைட்டமின் பி1) குறைவு; அக்குறையால் வருவதே பெரிபெரி. அரிசி உண்போரின் நோயாகக் கருதப்பட்ட அது இங்கே கோதுமை உண்போரையும் தாக்கியது. கால் மரத்து, நடை தளர்ந்தது. 1910இல் தவிட்டோடு அரைத்த மாவு ஏற்றிவந்த கப்பலொன்று தரைதட்டியது. இறக்கிய மாவை உண்ட வட்டாரத்தில் ஓராண்டு பெரிபெரி தோன்றவில்லை. வெள்ளை மாவே காரணம் என்று, அங்கே பணியாற்றிய மருத்துவர் ஜான் மேசன் லிட்டில் 1912இல் எழுதினார்.

குன்னூர்த் தொடர்பு

இத்தீவின் சத்துக்குறை நோய்களை ஆராய்ந்து 1930இல் கட்டுரை வெளியிட்ட டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, 1935இல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநரானார். தீட்டிய அரிசியில் தையமின் இழக்கப்படுவதையும், புழுங்கலரிசியில் அது பெரிதும் தங்குவதையும் அவ்வாய்வகம் ஆராய்ந்தது.

மாற்றம்

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வறுமை முற்றியது. நிவாரணமாகத் தவிட்டு மாவு வழங்கப்பட்டபோது, இரவலர் உணவெனப் பலர் அதை வெறுத்தனர். 1944இல் வெள்ளை மாவிலேயே பி வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சேர்க்கப்பட்டன; மார்கரினில் வைட்டமின் ஏ-யும் சேர்க்கப்பட்டது. அய்க்ராய்டும் பங்கேற்ற 1948 மறு ஆய்வில் சத்துக்குறை அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. 1949இல் தீவு கனடாவுடன் இணைந்ததும் குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகை வீடுகளுக்குப் பணமாகவே வந்து சேர்ந்தது.

நோயின் காரணம் 1912இலேயே அச்சேறியிருந்தது. எல்லா வீட்டு மாவும் மாற 32 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியின் விலையை அக்குடும்பங்களே கொடுத்தன.