கண் சிமிட்டும் பிள்ளையும் தொண்டை நோவும்: ஒரு நீண்ட தேடலின் கதை

தரம் 3, 4 வகுப்புகளில் படிப்பிக்கும் நாம் எல்லோரும் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டிருப்போம். பலகையைப் பார்க்கும்போது கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டும். தோளை ஒரு பக்கமாக உலுக்கும். சளி இல்லாமலே தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும். "சும்மா இரு" என்று சொன்னால் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்க்கும். பிறகு முன்னரைவிடக் கூடும். நாம் "கெட்ட பழக்கம்" என்கிறோம். வீட்டில் "டீவி பார்த்து வந்தது" என்கிறார்கள். மூத்தம்மா "கண்ணூறு" என்கிறார்.

வைத்தியர்கள் இதை 'டிக்' என்பார்கள். பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல அது. இப்போது சில பெற்றோர் இணையத்தில் வாசித்துவிட்டு வேறொரு கேள்வியோடு வருகிறார்கள்: "போன மாதம் தொண்டை நோவு வந்ததே, அந்தக் கிருமியால்தான் இப்படி ஆனதா சேர்?"

நல்ல கேள்விதான். ஆனால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்வி நடந்து வந்த பாதையைப் பார்த்தால்தான் பதில் விளங்கும்.

1518இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஏராளமானோர் நிறுத்த முடியாமல் ஆடத் தொடங்கினார்கள். புனித வீட்டஸின் கோபம் என்று நம்பி, அவர்களை அவருடைய தலத்துக்குக் கொண்டுபோனார்கள். 'புனித வீட்டஸ் நடனம்' என்ற பெயர் அந்தக் காலத்து நம்பிக்கையில் இருந்து வந்தது. 1686இல் தோமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் அதே பெயரை வேறொரு நோய்க்கு இட்டார். அது பிள்ளைகளுக்கு வரும் நோய். கையும் காலும் முகமும் தாமாகத் துள்ளும். கிளாஸைப் பிடித்தால் நழுவும், எழுத்து கோணும், நாக்கை நீட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்று இதற்கு 'சிடன்ஹாம் கொரியா' என்று பெயர். கொரியா என்பது இங்கே நாட்டின் பெயரல்ல, நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

வைத்தியருக்கு முன்னால் இந்த நோயைக் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான். நேற்றுவரை அழகாக எழுதிய பிள்ளையின் கொப்பி திடீரென்று கிறுக்கலாகும். காரணம் தெரியாத ஆசிரியர் என்ன செய்வார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

சிடன்ஹாமுக்குக் காரணம் தெரியவில்லை. இரத்தத்தை வடித்தார், பேதிக்குக் கொடுத்தார். 1850களிலும் 60களிலும் பாரிஸ் வைத்தியர்களான ஜெர்மேன் சேயும் ஆன்ரி ரோஜேயும் ஒன்றைக் கவனித்தார்கள். இந்தப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீக்கமும் இருதய நோயும் இருந்தன. அதாவது இது வாதக் காய்ச்சலின் இன்னொரு முகம். வாதக் காய்ச்சலுக்குப் பின்னால் நின்றது தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியா. 1950இல் வெளியான அமெரிக்க விமானப்படை முகாம் ஆய்வில், தொண்டை நோவுக்குப் பெனிசிலின் பெற்ற 798 பேரில் 2 பேருக்கே வாதக் காய்ச்சல் வந்தது. பெறாத 804 பேரில் 17 பேருக்கு வந்தது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடப் போகும் பிள்ளைகளை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். அந்த ஊசியின் வரலாறும் இதே பாதையில்தான் வருகிறது.

கொரியா மட்டும் கொஞ்சம் முரண்டுபிடித்தது. பல பிள்ளைகளிடம் கிருமியின் அடையாளமே கிடைக்கவில்லை. 1956இல் டராண்டா, ஸ்டொலர்மன் என்ற இருவர் அதற்கு விளக்கம் சொன்னார்கள். கொரியா தொண்டை நோவுக்குப் பல மாதம் கழித்தும் வரலாம், அதற்குள் தடயம் மறைந்துவிடுகிறது. 1976இல் கொரியா வந்த பிள்ளைகள் பலரின் இரத்தத்தில், மூளையின் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் போய் ஒட்டும் பிறபொருளெதிரிகள் கண்டுபிடிக்கப்பட்டன. கிருமி மூளைக்குப் போகவில்லை. கிருமியை எதிர்க்க உடல் செய்த ஆயுதம் ஆள்மாறிச் சொந்த மூளையைத் தாக்குகிறது என்பதே விளக்கம்.

கொரியாவின் கதை இதுவரை உறுதியானது. நம் வகுப்புகளில் அதிகம் காண்பது கொரியா அல்ல, டிக். டிக்கின் கதை வேறு வழியில் போனது.

1885இல் பாரிஸில் கில் டி லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். பல டிக் சேர்ந்து நீண்ட காலம் இருக்கும் நிலைக்கு இன்றும் அவருடைய பெயர்தான். அவருக்குப் பின் வந்த மனப்பகுப்பாய்வுக் காலத்தில் பழி பிள்ளையின் மனதுக்கும் வளர்ப்புக்கும் போனது. உம்மாமார் நிறையப் பழி சுமந்த காலம் அது.

அதே காலத்தில் சிலர் கிருமியையும் சந்தேகித்தார்கள். 1929இல் லோரன்ஸ் செல்லிங் என்ற அமெரிக்க வைத்தியர், மூக்கை அண்டிய எலும்புக் குழிகளில் இருந்த தொற்றுக்குச் சிகிச்சை செய்தபோது டிக் குறைந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார். மூன்று பேர், அவ்வளவுதான். உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் தொற்றுத்தான் எல்லா நோய்க்கும் காரணம் என்ற எண்ணம் அன்று பலமாக இருந்தது. நியூ ஜேர்சியின் ட்ரென்டன் மனநல வைத்தியசாலையில் ஹென்றி கொட்டன் என்பவர் அதை நம்பி, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டொன்சிலை அகற்றினார், குடலையும் வெட்டினார். பலர் இறந்தார்கள். குற்றவாளியைக் கண்டுவிட்டோம் என்று சாட்சி வருமுன் முடிவுகட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும்.

1960களில் ஹலோபெரிடோல் என்ற மருந்து டிக்கைக் குறைப்பது தெரியவந்தது. நியூயோர்க்கின் ஷபிரோ தம்பதியர் அதை எழுதி, இது மூளையின் நோய், வளர்ப்பின் குற்றமல்ல என்று வாதாடினார்கள்.

அடுத்து வருபவர் சூசன் ஸ்வீடோ. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஓ.சி.டி. உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தவர். ஒரே எண்ணம் விடாமல் துரத்த, கையைத் திரும்பத் திரும்பக் கழுவச் செய்யும் நோய் ஓ.சி.டி. வுழூவை முடிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளில் சிலருக்கும் இது இருக்கலாம். கொரியா வந்த பிள்ளைகளிடம் இத்தகைய எண்ணங்கள் கூடுதலாக இருப்பதை ஸ்வீடோ குழு 1989இல் காட்டியது. தொண்டைக் கிருமி கொரியாவைத் தருமென்றால், டிக்கையும் ஓ.சி.டி.யையும் தரமுடியாதா என்பது அடுத்த கேள்வி. 1998இல் அவர்கள் 50 பிள்ளைகளின் விபரத்தை வெளியிட்டார்கள். பருவமடையுமுன் திடீரென்று தொடங்கி, ஏறி இறங்கி, ஸ்ட்ரெப் தொற்றோடு சேர்ந்து வரும் டிக் அல்லது ஓ.சி.டி. அதற்கு 'பான்டாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். பிள்ளை கெட்டதல்ல, வளர்ப்பும் பிழையல்ல, கிருமிக்கு மருந்து இருக்கிறது. அந்த ஆறுதல் ஆதாரத்தைவிட வேகமாக ஓடியது.

இதை நிரூபிப்பது ஏன் கஷ்டம்? நம் வகுப்பை வைத்தே பார்க்கலாம். சிறு பிள்ளைகளிடம் டிக் சாதாரணம், பலருக்குத் தானாகவே போய்விடும். தொண்டை நோவும் சாதாரணம். இரண்டு சாதாரண விடயங்கள் ஒரே மாதத்தில் சந்திப்பது தற்செயலாகவும் நடக்கும். சில பிள்ளைகளின் தொண்டையில் கிருமி நோயில்லாமலே தங்கியிருக்கும். டிக் தானாக ஏறும், தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரிடமோ ஓதுபவரிடமோ ஓடுகிறோம். அடுத்த வாரம் குறைந்தால் குளிசையும் பேர் வாங்கும், ஓதின தண்ணீரும் பேர் வாங்கும்.

ஆகவே ஆய்வாளர்கள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து எண்ணினார்கள். 2008இல் வெளியான ஆய்வில் பான்டாஸ் பிள்ளைகள் 40 பேரையும், டிக் அல்லது ஓ.சி.டி. உள்ள வேறு 40 பேரையும் கவனித்தார்கள். நோய் கூடிய 64 தடவைகளில் 5 மட்டுமே ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டி வந்தன. அந்த ஐந்தும் பான்டாஸ் பிள்ளைகளிடம். தற்செயலாக எதிர்பார்த்ததைவிட அது கூடுதல். ஆனாலும் பெரும்பாலானவை தொற்றோடு சம்பந்தப்படவில்லை.

2017இல் டென்மார்க்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப் தொற்று உறுதியானவர்களுக்கு டிக் வரும் வாய்ப்பு, பரிசோதனையே செய்யப்படாதவர்களைவிட 35 வீதம் கூடியிருந்தது. ஸ்ட்ரெப் இல்லாத தொண்டைத் தொற்றுக்கும் அது 25 வீதம் கூடியிருந்தது. அப்படியானால் ஸ்ட்ரெப் கிருமியை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. 2021இல் ஐரோப்பாவில் டிக் உள்ள 715 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஸ்ட்ரெப்பினால் டிக் கூடுவதாகக் காணவில்லை. குடும்பத்தில் டிக் உள்ள 259 சிறுவர்களைப் பார்த்த 2022 ஆய்வு, டிக் தொடங்குவதற்கும் அதைக் காரணமாகக் காணவில்லை.

சுருக்கமாக: கொரியாவுக்கு ஸ்ட்ரெப் காரணம், அது உறுதி. திடீரென்று மாறும் ஒரு சிறு தொகைப் பிள்ளைகளுக்குத் தொடர்பு இருக்கலாம், விவாதம் தொடர்கிறது. நாம் வகுப்பில் காணும் பெரும்பாலான டிக்குக்கு அது காரணமென்று ஆதாரம் இல்லை.

இனி நம் கையில் இருப்பவை.

காய்ச்சலோடு கடும் தொண்டை நோவு வந்தால் வைத்தியரிடம் காட்டுவோம். அன்டிபயோட்டிக் தந்தால் சொன்ன நாள்வரை கொடுப்போம், அது இருதயத்தைக் காக்கும். கண் சிமிட்டுகிறது என்பதற்காக நாமாகப் பாமசியில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஓரிரு நாளில் பிள்ளை ஆளே மாறினால், எழுத்து குலைந்தால், சாப்பிட மறுத்தால், கை கால் துள்ளினால் தாமதிக்காமல் பிள்ளை நோய் வைத்தியரிடம் போவோம். எப்போது தொண்டை நோவு வந்தது, எப்போது மாற்றம் தொடங்கியது என்ற திகதிகளை எழுதிக் கொண்டுபோவோம். அதற்கு முன்னைய கொப்பியும் இப்போதைய கொப்பியும் நல்ல சாட்சி. அதை எடுத்துக் கொடுக்கக் கூடியவர் வகுப்பாசிரியர்.

சாதாரண டிக் என்றால் கண்டும் காணாமல் இருப்போம். ஏசினால் கூடும், மற்றப் பிள்ளைகள் பழித்துக் காட்டினால் இன்னும் கூடும். நீண்ட நாள் தொல்லை கொடுத்தால் அதற்கென்று பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது.

காரணத்தைத் தேடும் வேலை ஆய்வாளர்களுடையது, அவர்கள் இன்னும் தேடுகிறார்கள். அதுவரை அந்தப் பிள்ளையை எழுப்பி வகுப்பின் முன்னால் நிறுத்தாமல் இருக்க நமக்கு எந்த ஆய்வின் முடிவும் தேவையில்லை.