மதுக்கூடத்தில் பிறந்த கவிதை மேடை: சிக்காகோ சொல்லும் வரலாறு

சிக்காகோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1893ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய உரை. அதற்கடுத்து அல் கபோன் என்ற குண்டர் தலைவன். இன்னும் கொஞ்சம் யோசித்தால், 1998ல் நமது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் முந்தும் வரை உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயரை வைத்திருந்த சியர்ஸ் கோபுரம். கவிதை? அது யார் நினைவுக்கும் வருவதில்லை.

ஆனால், இளைஞர்கள் மேடையேறி, தாம் எழுதிய கவிதையை மூன்று நிமிடத்திற்குள் உரக்கச் சொல்லி, எதிரில் அமர்ந்திருக்கும் பொதுமக்களிடமே மதிப்பெண் பெறுகிற 'ஸ்லாம்' என்ற போட்டி இன்று உலகின் பல நகரங்களில் பரவியிருக்கிறது. சிங்கப்பூருக்கு அது 2003ல் வந்து சேர்ந்தது. அதன் பிறப்பிடம் சிக்காகோ. பிறந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, ஒரு மதுக்கூடத்தில். பெற்றெடுத்தவர் பேராசிரியரும் அல்லர், கட்டுமானத் தொழிலாளியாக இருந்தவர்.

இது எப்படி நடந்தது? அதற்கு இன்னும் முன்னே போக வேண்டும்.

ஏடும் வாயும்

சிக்காகோவின் கவிதைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஏட்டு வழி. மற்றது வாய் வழி.

ஏட்டு வழியைத் திறந்தவர் ஹாரியட் மன்றோ என்ற அம்மையார். 1912ல் அவர் 'பொயட்ரி' என்ற மாத இதழைத் தொடங்கினார். பணத்திற்கு அவர் செய்த ஏற்பாடு சுவையானது. நகரத்தின் வணிகர்களையும் செல்வந்தர்களையும் நேரில் போய்ப் பார்த்து, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக ஏறக்குறைய நூறு பேரிடம் உறுதி வாங்கினார். இறைச்சியும் இரும்பும் விற்ற காசில் கவிதை இதழ்!

அந்த இதழின் மூன்றாவது மாதத்திலேயே, அதாவது 1912 டிசம்பரில், இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலிக் கவிதைகள் ஆறு அதில் வெளிவந்தன. நோபல் பரிசு அவருக்கு 1913 நவம்பரில்தான் கிடைத்தது. அப்போது தாகூர் பக்கத்திலேயே இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய மகன் அதே இல்லினாய் மாநிலத்தில் வேளாண்மை படித்தவர். மகனோடு அர்பானா ஊரில் தங்கியிருந்த தாகூர், 1913 ஜனவரியில் சிக்காகோவுக்கு வந்து, மூடி அம்மையாரின் இல்லத்தில் விருந்தினராக இருந்தார்.

1914ல் கார்ல் சாண்ட்பர்க் அதே இதழில் சிக்காகோ நகரைப் பற்றி ஒரு கவிதை வெளியிட்டார். பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு, பால் வண்டி ஓட்டி, ஊர் ஊராக அலைந்து, பிறகு செய்தியாளரானவர் சாண்ட்பர்க். கசாப்புக்கூடமும் சரக்கு ரயிலும் கவிதைக்குள் வரலாமா என்று உள்ளூர் இலக்கிய ஏடு ஒன்றே முகம் சுளித்தது. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராகக் கித்தாரோடு சென்று கவிதை சொல்லி, நாட்டுப்புறப் பாடல்களும் பாடினார்.

வாய் வழிக்கு வருவோம். நகரின் வடபகுதியில் வாஷிங்டன் சதுக்கம் என்றொரு பூங்கா இருக்கிறது. மக்கள் அதைப் 'பக்ஹவுஸ் சதுக்கம்' என்றே அழைத்தனர். பைத்தியக்காரச் சதுக்கம் என்று பொருள். சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால் யாரும் எதையும் பேசலாம். தொழிற்சங்கவாதி, நாத்திகர், சாமியார், கவிஞர் எல்லாருக்கும் ஒரே மேடைதான். பேச்சு சரியில்லையென்றால் கூட்டம் கிண்டல் செய்தே இறக்கிவிடும்.

அருகிலிருந்த சந்து ஒன்றில், ஜாக் ஜோன்ஸ் என்ற தொழிற்சங்கக்காரர் 1910களில் 'டில் பிக்கிள் கிளப்' என்ற மன்றத்தை நடத்தினார். குனிந்துதான் நுழைய வேண்டும். கௌரவத்தை வெளியிலேயே விட்டுவிட்டு வா என்ற பொருளில் கதவில் எழுதியிருந்தது. பேராசிரியர்களும் ஜேப்படித் திருடர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து விவாதம் கேட்டார்கள், கவிதை கேட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் மன்றம் மூடப்பட்டது. பிற்காலத்து ஸ்லாம் மேடையின் குணம் அத்தனையும் இங்கேயே இருந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

தென்பகுதியின் குரல்

இந்த வரலாற்றைச் சொல்லும் பலர் நகரின் வடபகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அது முறையன்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த தென்பகுதியை விட்டால் கதையில் பாதி போய்விடும்.

அங்கே பிரான்ஸ்வில் என்ற வட்டாரத்தில் வளர்ந்தவர் குவெண்டலின் புரூக்ஸ். அவரது முதல் நூல் 1945ல் வெளிவந்தது. 1950ல் புலிட்சர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. இலக்கணம் பிசகாத, இழைத்து இழைத்துச் செய்த கவிதைகள் அவருடையவை. விருதும் வந்தது, பெயரும் வந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. 1967ல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் இளைஞர்களின் வேகத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 49. ஊருக்குத் திரும்பியதும், 'பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ்' என்ற தெருக் கும்பலைச் சேர்ந்த இளைஞர்களுக்குக் கவிதைப் பட்டறை நடத்தினார். பின்னர், தம்மைச் சூழ்ந்த இளங்கவிஞர்களோடு தென்பகுதியில் ஒரு மதுக்கூடத்திற்குள் நுழைந்தார். குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், கவிதை சொல்லப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கேட்டார்கள். பாடநூலில் இடம்பெற்ற ஒரு கவிஞர் இப்படிப் போய் நின்றது சாதாரணச் செயலா?

அதே 1967ஆம் ஆண்டின் கோடையில், 43ஆம் தெருவில் கறுப்பின மேதைகளின் முகங்களைச் சுவரில் தீட்டி 'மரியாதைச் சுவர்' என்று பெயரிட்டார்கள். அதன் திறப்பு விழாவில் திறந்த வெளியில் புரூக்ஸ் கவிதை படித்தார். அவருடைய மாணவர் போன்றிருந்த ஹாகி மதுபுட்டி அதே ஆண்டில் 'தேர்ட் வேர்ல்ட் பிரஸ்' பதிப்பகத்தைத் தொடங்கினார். பிறகு புரூக்சும் நியூயார்க்கின் பெரிய பதிப்பகத்தை விட்டு, கறுப்பினத்தவர் நடத்திய சிறு பதிப்பகங்களுக்கே தம் நூல்களைக் கொடுத்தார். பணத்தில் இழப்புத்தான்.

1970களில் டேவிட் ஹெர்னாண்டஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் கவிஞர் இசைக்குழுவோடு தெருவிலும் பள்ளிகளிலும் கவிதை சொல்லி வந்தார். 1980ஐ ஒட்டி, ஆல் சிம்மன்ஸ் என்பவர் இரு கவிஞர்களைக் குத்துச்சண்டை வீரர்களைப் போல் மேடையேற்றிச் சுற்றுக்குச் சுற்று மோதவிட்டார். வேடிக்கைதான், ஆனால் கவிதைக்கு நடுவர் உண்டு, வெற்றி தோல்வி உண்டு என்ற எண்ணம் ஊரில் விதைக்கப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை, பிறகு ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பின்னணியில்தான் மார்க் ஸ்மித் வருகிறார். 1949ல் பிறந்தவர். கட்டுமான வேலை செய்துகொண்டே கவிதை எழுதியவர். அக்காலத்துக் கவிதை வாசிப்புக் கூட்டங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. தலையைத் தாளிலிருந்து தூக்காமல் முணுமுணுக்கும் கவிஞர். கேட்பவர்களோ வரிசையில் தம் முறைக்குக் காத்திருக்கும் மற்றக் கவிஞர்கள். பொதுமக்கள் ஒருவரும் இல்லை. குறை கேட்போரிடம் இல்லை, சொல்வோரிடம் இருக்கிறது என்பது ஸ்மித்தின் வாதம்.

1984ல் 'கெட் மீ ஹை' என்ற சிறிய ஜாஸ் மதுக்கூடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1986 ஜூலையில் அது 'கிரீன் மில்' என்ற புகழ்பெற்ற கூடத்திற்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் மாறியது. 1907ல் தொடங்கிய கிரீன் மில், மதுவிலக்குக் காலத்தில் அல் கபோன் கூட்டத்தாரின் புழக்கத்தில் இருந்த இடம். 1986ல் அதைப் புதிதாக வாங்கியிருந்த டேவ் ஜெமிலோவுக்கு, வெறிச்சோடிய ஞாயிறு இரவை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. கவிதைக்கு இடம் கிடைத்த காரணம் இவ்வளவுதான்!

போட்டி என்பதும் திட்டமிட்டு வந்ததன்று. ஸ்மித்தின் குழுவினரிடம் இரவு முழுவதற்கும் போதுமான சரக்கு இல்லை. கடைசிப் பகுதியை இட்டு நிரப்ப, வந்திருந்தவர்களையே கவிதை சொல்ல வைத்து, வேறு சிலரை நடுவராக்கினார். 'ஸ்லாம்' என்ற பெயர் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது என்பார்கள்.

பின்னர் உருவான விதிகள் எளியவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம், பத்து விநாடி சலுகை, அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறையும். வேடமோ வாத்தியமோ கூடாது. கூட்டத்திலிருந்து பொறுக்கியெடுத்த ஐந்து பேர் பத்துக்கு எத்தனை என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கழித்துவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினால் முப்பதுக்கு மதிப்பெண். நடுவருக்குக் கவிதை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதுதான் இதன் உயிர்.

கூட்டத்திற்கும் வேலை உண்டு. கவிதை சலித்தால் விரலைச் சொடுக்குவார்கள். இன்னும் சலித்தால் தரையில் காலைத் தட்டுவார்கள். ஸ்மித் தம் பெயரைச் சொன்னால் அதனால் என்ன என்று மொத்தக் கூடமும் கத்தும். நிறுவனருக்கே அந்த மரியாதைதான்!

மதிப்பெண் யாருக்கு?

1990ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. சிக்காகோ அணி வென்றது. தனிநபர் பரிசைப் பெற்றவர் பட்ரிசியா ஸ்மித். அவர் சிக்காகோவில் பத்திரிகையில் பணியாற்றியவர். கிரீன் மில் மேடையில் வளர்ந்தவர். அந்தப் பரிசை அவர் நான்கு முறை வென்றார். மதுக்கூடக் கவிதை தாளில் நிற்காது என்றவர்களுக்கு அவரே பதிலானார்: கத்ரீனா சூறாவளியைப் பற்றிய அவரது நூல் 2008ல் தேசிய நூல் விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது, 2021ல் ரூத் லில்லி கவிதைப் பரிசு கிடைத்தது. அப்பரிசை வழங்குவது, ஹாரியட் மன்றோ தொடங்கிய அதே இதழை நடத்தும் அறக்கட்டளை. ஏட்டு வழியும் வாய் வழியும் அங்கே சந்தித்தன.

எதிர்ப்பு இல்லாமலில்லை. புகழ்பெற்ற விமர்சகர் ஹாரல்டு புளூம் 2000ல், இது கலைக்குச் சாவு மணி என்ற பொருளில் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. மதிப்பெண் இருக்குமிடத்தில் மதிப்பெண்ணுக்காகவே எழுதுவோரும் வருவார்கள். எந்த இடத்தில் குரலை உயர்த்தினால் கைத்தட்டல், எந்த இடத்தில் கண்ணீர் என்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. 2002ல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மேடைக் கவிதையைத் தொடராக்கியபோது ஸ்மித்தே அதைக் குறைகூறினார். வணிகம் நுழைந்துவிட்டது என்பது அவர் ஆதங்கம். 2018ல் தேசியப் போட்டி சிக்காகோவுக்கு வந்தது. அதே ஆண்டில், அதை நடத்தி வந்த அமைப்பு கலைக்கப்பட்டது. கிரீன் மில்லின் ஞாயிறு நிகழ்ச்சியோ முப்பது ஆண்டுகளையும் தாண்டி நடந்தது.

கூடி நின்றால் குற்றம்

ஆனால் சிக்காகோவில் இக்கலை என்ன செய்தது என்பதை அறியப் பெரியவர்களின் போட்டியைப் பார்த்தால் போதாது.

1992ல் நகராட்சி ஒரு சட்டம் கொண்டு வந்தது. கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகிக்கப்படும் ஒருவரோடு தெருவில் சும்மா நின்றாலே, கலைந்து போ என்று காவலர் உத்தரவிடலாம், போகாவிட்டால் கைது. மூன்றாண்டுகளில் 89,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள், 42,000க்கும் மேற்பட்ட கைதுகள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் வம்சாவளி இளைஞர்கள். 1999ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. நகராட்சி 2000ல் சில மாற்றங்களோடு அதை மீண்டும் கொண்டு வந்தது.

பிள்ளைகள் கூடி நிற்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட அந்த ஊரில், 2001ல் கெவின் கோவல், அன்னா வெஸ்ட் ஆகியோர் பள்ளி மாணவர்களைக் கூட்டி ஒரு கவிதைப் போட்டி தொடங்கினார்கள். 'வெடிகுண்டைவிட உரக்க' என்று பெயர். ஒவ்வோர் அணியும் நான்கு தனிக் கவிதைகளும் ஒரு குழுக் கவிதையும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முன் ஒரு பயிற்சி உண்டு. வெவ்வேறு வட்டாரப் பள்ளிகளின் மாணவர்களைக் கலந்து உட்கார வைத்து, ஒன்றாக எழுதச் சொல்வார்கள். இன வாரியாகப் பிரிந்து கிடந்த நகரத்தில், புறநகர் வீட்டுப் பிள்ளையும் தென்பகுதி அடுக்குமாடிப் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேறு இடம் ஏது?

சில அணிகளோடு தொடங்கியது நூறு அணிகளைத் தாண்டியது. 2010ல் அதைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் வந்தது. 2021ல் நடத்திய அமைப்பில் பிணக்கு மூண்டு தலைமை மாறியது. 2022ல் விழாவின் பெயரும் மாறியது. இன்னொரு பக்கம், 2009ல் நகர மத்திய நூலகத்தில் பதின்ம வயதினருக்கெனத் திறந்த 'யூமீடியா' அறையில், மாலை நேரங்களில் யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கியைப் பிடிக்கலாம் என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அங்கே வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் 'சான்ஸ் தி ராப்பர்' என்று உலகப் புகழ் பெற்று, 2017ல் கிராமி விருது வாங்கினார். நோநேம் என்ற பாடகியும் அங்கிருந்து வந்தவரே.

அந்த நூலகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. மேயரானவர்களிலேயே முதல் கறுப்பினத்தவரான ஹாரல்டு வாஷிங்டனின் பெயர் அதற்கு. மைக்கைப் பிடிக்க ஒரு பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம், வாசலில் உள்ள தாளில் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.